மகனுக்குப் பெயர்: முதலில் தமிழில் எழுதுங்கள்

மலேசியத் தீபகற்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால் 60 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் அதன் பிறப்பைப் பதிந்தாக வேண்டும். நம் குடும்பங்களில் முப்பதாம் நாள் பூசை செய்து, தொட்டிலில் இட்டு, பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமும் இந்தக் கெடுவுக்குள் அடங்கிவிடுகிறது. ஆக, நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது. ஆனால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் ஆண் குழந்தை பிறந்த பல வீடுகளில் அந்த நாட்கள் வேறு விதமாகவே கழிகின்றன. ஜோதிடர் எழுதிக் கொடுத்த எழுத்து முதலில் வருகிறது. அந்த எழுத்தில் தொடங்கும் பெயர்களைக் கைப்பேசியில் தேடுவது அடுத்து. பிறகு எண்கணிதக்காரர் சொல்லும் கூட்டுத்தொகை. அதன்பின், கேட்கப் புதுமையாக இருக்கிறதா என்ற பார்வை. பெயருக்கு என்ன பொருள், அதைத் தமிழில் எப்படி எழுதுவது, இந்த நாட்டில் அதை எப்படி வாசிப்பார்கள் ஆகிய கேள்விகள் கடைசியில் வருகின்றன, பல வேளைகளில் வருவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பொருள் தெரிந்த, தமிழ் நாவுக்கு இசைந்த ஒரு பெயரை முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு மலேசியர் எவரும் பிழையின்றி வாசிக்கும்படி அதை ரோமன் எழுத்தில் கூட்டுங்கள். எழுத்துப் பலன், எண் பலன் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? நாம் வழக்கமாக 'சூராட் பெரானாக்' என்று சொல்லும் பிறப்புச் சான்றிதழில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. பெயர் ரோமன் எழுத்தில் பதிவாகும். மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே வழக்கமாக 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கக் குறி நிற்கும். 2003 முதல் குழந்தைகளுக்கு வழங்கப்படும் மைகிட் அட்டை, 12 வயதில் எடுக்கும் மைகாட், எஸ்பிஎம் சான்றிதழ், கடப்பிதழ், வங்கிக் கணக்கு என எல்லாமே அந்த ஒரே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றும். பெயரின் தமிழ் வடிவம் எந்த அரசுத் தாளிலும் இருக்காது. அந்தப் பையன் தமிழ்ப்பள்ளியில் சேரும்போது ஆசிரியர் ரோமன் எழுத்தைப் பார்த்துத்தான் தமிழில் எழுத வேண்டும். அங்கேதான் சிக்கல். ல, ள, ழ மூன்றுக்கும் ரோமனில் பெரும்பாலும் ஒரே எழுத்து. ர, ற இரண்டுக்கும் ஒன்றே. சோழர் பட்டமான வளவன் வகுப்பேட்டில் தேர்ப்பாகனைக் குறிக்கும் வலவன் ஆகிவிடலாம். பாண்டியர் பெயரான மாறன், மன்மதனைக் குறிக்கும் மாரன் ஆகிவிடலாம். இரண்டும் நல்ல சொற்கள்தாம், ஆனால் பெற்றோர் வைத்த பெயர் ஒன்றுதான். அதை வீட்டில் யாரும் தமிழில் எழுதி வைக்காதபோது எது சரி என்று சொல்ல ஆளிருக்காது.

இந்தச் சிக்கல் நேற்று முளைத்ததில்லை. ரப்பர்த் தோட்டங்களில் பிறந்த நம் முன்னோரின் பெயர்கள், பல வேளைகளில், கிராணிமாரும் குமாஸ்தாக்களும் காதில் விழுந்தபடி எழுதியவை. இலட்சுமணன் என்ற பெயர் இந்நாட்டில் லெட்சுமணன் என்ற ஒலிப்பில், 'டி', 'சி', 'எச்' எழுத்துகளை நடுவில் தாங்கி நிலைத்தது. சுப்பிரமணியம் சில வீடுகளில் இரட்டைப் 'பி' எழுத்தோடும் சில வீடுகளில் ஒற்றைப் 'பி' எழுத்தோடும் எழுதப்பட்டது. ரோமன் எழுத்து வாசிக்கத் தெரியாத பெற்றோர் அதைச் சரிபார்க்க வழியில்லாமல் இருந்தது. ஒரே தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளின் தாள்களில் தந்தை பெயர் வெவ்வேறு விதமாக இருந்தால், பின்னாளில் சொத்து மாற்றத்திலும் சேமநிதிக் கோரிக்கையிலும் சத்தியப் பிரமாணம் எழுதிக்கொண்டு அலைய நேர்கிறது. அந்தத் தலைமுறைக்கு வேறு வழி கிடையாது. இன்றைய பெற்றோருக்கு இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த நாமே அதே குழப்பத்தை விலை கொடுத்து வாங்கக் கூடாது.

அந்தத் தோட்டத் தலைமுறையிடம் கற்றுக்கொள்ள வேண்டிய நல்ல பாடமும் ஒன்று உண்டு. முனியாண்டி, மாரியப்பன், பெருமாள், ஆறுமுகம் என்று ஊர்த் தெய்வங்களின் பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவர்கள், இந்த மண்ணிலேயே ஒரு புதுப் பெயரையும் உண்டாக்கினார்கள். பத்துமலை என்பதே அது. பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு அந்த மலையின் பெயரையே சூட்டினார்கள். அங்கே 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. பாறையைக் குறிக்கும் 'பத்து' என்ற மலாய்ச் சொல்லும் மலை என்ற தமிழ்ச் சொல்லும் இணைந்து நிற்கும் இந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் தேடினால் கிடைப்பது அரிது. சிலாங்கூரில் அது ஒரு தாத்தாவின் பெயர், ஒரு பெரியப்பாவின் பெயர். தமிழராகவும் மலேசியராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை நம் பாட்டன்மார் ஒரு பெயராலேயே காட்டிவிட்டார்கள்.

அடுத்த அலை மொழியுணர்வால் எழுந்தது. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயரிடும் வழக்கத்தையும் தொட்டது. வேதாசலம் என்ற தம் பெயரையே அவர் மறைமலை என்று மாற்றிக்கொண்டார். பின்னர் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். 1929-இன் இறுதியில் பெரியார் மலாயா வந்தபிறகு சீர்திருத்தச் சிந்தனை இங்கும் வேரூன்றியது. இளங்கோ, தமிழ்ச்செல்வன், அறிவழகன் போன்ற பெயர்கள் தோட்டப்புறத்து வீடுகளிலும் ஒலித்தன. மலேசியத் தமிழ் நாளிதழ் உலகில் தனித் தடம் பதித்த ஆதி. குமணனின் பெயரும் சங்க கால வள்ளல் ஒருவரின் பெயர்தான். இந்தப் பெயர்களை வைத்தவர்களில் பலர் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. ஆனால் பிள்ளையின் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடிந்தது. இன்று பட்டம் பெற்ற பெற்றோரிடம் அதே கேள்வியைக் கேட்டால், 'நெட்டில் இப்படித்தான் போட்டிருந்தது' என்ற பதில் வருமானால், அது வளர்ச்சி ஆகாது.

இனி நட்சத்திர எழுத்து. 27 நட்சத்திரங்களுக்கும் நான்கு பாதங்கள் வீதம் 108 எழுத்துகளைக் கொண்ட அட்டவணையே பஞ்சாங்கங்களில் இருக்கிறது. நம்பிக்கையோடு அதைப் பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த அட்டவணை தமிழ் எழுத்துகளுக்காக உருவானதன்று. பரணி நட்சத்திரத்தின் நான்கு எழுத்துகள் லி, லு, லே, லோ. ஆயில்யத்தின் நான்கு எழுத்துகள் டி, டு, டே, டோ. லகரமும் டகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பியக் காலந்தொட்டு நாம் அறிந்த இலக்கணம். அப்படியானால் பரணியில் பிறந்த தமிழ்க் குழந்தைக்கு அந்த எழுத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு தமிழ்ப் பெயர் தேடுவது முடியாத காரியம். இதனால்தான் பொருள் தெரியாத பெயர்கள் பட்டியலை நிறைக்கின்றன. இன்னொன்றும் உண்டு. கிருஹ்ய சூத்திரங்கள் எனப்படும் பழைய வீட்டுச் சடங்கு நூல்களில் நட்சத்திரப் பெயர் வேறு, ஊரார் அழைக்கும் பெயர் வேறு. நட்சத்திரப் பெயரைப் பெற்றோர் மட்டும் அறிந்த இரகசியப் பெயராக வைக்கும் வழக்கமும் அவற்றில் பேசப்படுகிறது. எனவே நட்சத்திரத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அந்த எழுத்தில் ஒரு பெயரைத் தொட்டிலில் வைத்துக் காதில் சொல்லலாம், கோயிலில் அர்ச்சனைக்கும் சொல்லலாம். சூராட் பெரானாக்கில் ஏற வேண்டியது வாழ்நாள் முழுதும் அழைக்கப்போகும் பெயர். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று மரபே சொல்லவில்லை.

எண்கணிதம் இதைவிடப் பெரிய இடைஞ்சல், ஏனென்றால் அது எழுத்துக்கூட்டலிலேயே கை வைக்கிறது. தமிழர் பலர் இன்று பின்பற்றும் எண் அட்டவணை, கீரோ என்ற பெயரில் எழுதிய அயர்லாந்துக்காரர் பரப்பிய முறையை ஒட்டியது. அவர் 1936-இல் மறைந்தார். அந்த அட்டவணையில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்பு உண்டு. மாறன் என்ற பெயரைப் பார்ப்போம். எம் 4, ஏ 1, ஆர் 2, ஏ 1, என் 5, ஆகக் கூட்டுத்தொகை 13. அது ஆகாது என்பவர் முதல் ஏ-யை இரட்டிப்பார், 14 ஆகிவிடும். பெயரைக் கூப்பிடும் தாய்க்கு எந்த மாற்றமும் தெரியாது, ஏனென்றால் ஒலி மாறவில்லை. அப்படியானால் அதிர்ஷ்டம் ஒலியில் இல்லை, தமிழ்ப் பெயரை எழுதத் தோன்றாத ஓர் அயல் எழுத்தின் எண்ணிக்கையில் இருக்கிறது என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். விளைவு பள்ளியில் தெரியும். மலாயில் 'ஏ' எழுத்து இரட்டித்து வந்தால் மாஅஃப், சாஅட் போன்ற சொற்களில் வருவதுபோல நடுவில் ஒரு வெட்டு விட்டு இரண்டு அசையாக வாசிப்பார்கள். மாறன் என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய பெயரை மலாய் ஆசிரியர் 'மா-அ-ரான்' என்று கூப்பிட்டால் அவர்மேல் தவறில்லை. அவர் மொழியின் விதிப்படி சரியாகவே வாசித்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'குழந்தைக்கு நல்லது நடக்கட்டும் என்ற ஆசையில் செய்கிறோம். நம்பிக்கையில் ஏன் கை வைக்கிறீர்கள்?' என்பார்கள். அந்த ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. பெற்ற பிள்ளைக்கு நல்லது நினைப்பதுதான் பெயர் சூட்டுவதன் உயிரே. ஆனால் நன்மை என்பது கண்ணுக்குத் தெரியும் வடிவிலும் உண்டு. பெயரை ஒருமுறை கேட்டவர் மறுமுறை பிழையின்றிச் சொல்வது நன்மை. நேர்காணலில் பெயரை எழுத்தெழுத்தாக விளக்க வேண்டியிராதது நன்மை. மருத்துவமனையில், விமான நிலையத்தில் ஒரே மாதிரி பதிவாவது நன்மை. 'உனக்கு ஏன் இந்தப் பெயர்?' என்று நண்பன் கேட்கும்போது பத்து வயதுப் பையன் தலைநிமிர்ந்து பதில் சொல்வது எல்லாவற்றிலும் பெரிய நன்மை. நிச்சயமாகக் கிடைக்கும் இந்த நன்மைகளை விட்டுக்கொடுத்து, கிடைக்குமா என்று தெரியாத ஒன்றைப் பிடிப்பது பிள்ளைக்குச் செய்யும் நியாயமாகாது.

மலாய்க் காதுக்குப் பெயர் எப்படி விழும் என்பதையும் பார்க்க வேண்டும். வடமொழி வழியாக இரு மொழிகளுக்கும் பொதுவான சொற்கள் நிறைய உண்டு. சூரியன் அங்கே 'சூரியா', புத்திரன் 'புத்ரா', ஜெயம் 'ஜாயா'. முத்து என்ற பெயரை மலாய் நண்பன் தரம் என்ற பொருள் தரும் 'மூத்து' என்ற தன் சொல்லோடு சேர்த்துக் கேட்பான், அதிலும் குறையில்லை. ஆனால் வள்ளல் பாரியின் பெயர் மலாயில் திருக்கை மீனின் பெயர். ஞாயிற்றுக்கிழமை ஈக்கான் பாக்கார் கடைக்குப் போகும் எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். பாலா என்பது பேரிடர். மணி என்பது வகுப்பறையில் சிரிப்பை வரவழைக்கும் உடற்கூற்றுச் சொல். கதிர் என்பதில் 'எச்' விடுபட்டால் முஸ்லிம்கள் வைக்கும் காதிர் என்ற பெயராகிவிடும். செந்தில் என்பதன் முதல் உயிரெழுத்தை 'பெசார்' என்ற சொல்லில் வருவதுபோல மங்கலாகவும் வாசிக்கலாம். எழிலன் என்பதன் ழகரத்துக்குத் தமிழ்நாட்டு வழக்கப்படி 'இசட், எச்' இட்டால் இங்கே யாருக்கும் வாசிக்க வராது. தமிழ் என்ற சொல்லையே 'எல்' இட்டு எழுதித்தான் உலகம் அறிகிறது. அதே வழக்கத்தைப் பெயரிலும் பின்பற்றுவது எளிது.

'அப்படியானால் மலாய்க்காரர் சிரிப்பார் என்று பாரியையும் மணியையும் நாம் கைவிட வேண்டுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கைவிட வேண்டியதில்லை. 'கூமான்' என்றால் மலாயில் கிருமி. ஆயினும் குமணன் என்ற பெயர் இந்நாட்டுத் தமிழ் வாசகரிடையே மதிப்பான பெயராக நின்றது, ஆதி. குமணனின் உழைப்பால். தெரிந்து வைப்பதற்கும் தெரியாமல் வைப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது என்பதே சொல்ல வருவது. பாரி என்று வைக்க ஆசைப்படும் தகப்பன் வேள்பாரி என்று வைக்கலாம், மணி என்பவர் மணிமாறன் என்று வைக்கலாம். தனியே நிற்கும்போது வரும் தொல்லை கூட்டுப்பெயரில் பெரிதும் குறையும். எளிய எழுத்துக்கூட்டலில் தமிழ்ப் பெயர் இந்த நாட்டில் நன்றாகவே ஓடும் என்பதற்குச் சான்று பிரிக்பீல்ட்சிலேயே இருக்கிறது. அதன் முதன்மைச் சாலை துன் சம்பந்தன் பெயர் தாங்கியது, மோனோரயில் நிலையமும் அவர் பெயரில் உள்ளது. சைவக் குரவர் திருஞானசம்பந்தரை நினைவூட்டும் அந்தப் பெயரை மலாய்க்கார ஓட்டுநரும் சீனப் பயணியும் தடுமாற்றமின்றிச் சொல்கிறார்கள். அதில் இரட்டித்த எழுத்தும் இல்லை, ஒட்டவைத்த எழுத்தும் இல்லை.

இன்னொரு தரப்பு வேறு கவலையைச் சொல்லும். தமிழ்ப் பெயர் பழைய பாணி, நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இனம் தெரிந்துவிடும், ஆகவே எந்த நாட்டுக்கும் பொருந்தும் ஒரு பொதுப்பெயர் போதும் என்பார்கள். இனத்தைப் பார்த்து ஒதுக்கப்படுவோமோ என்ற அச்சத்தை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பெயரை மாற்றுவதால் அது தீராது. மகனுக்கு எந்த நாட்டுப் பெயரை வைத்தாலும் அடுத்தே வழக்கமாக 'அனாக் லெலாக்கி' வரும், அதற்கடுத்து தந்தையின் பெயர் முத்துசாமி என்றோ கணேசன் என்றோ வரும். மறைத்தது ஒன்றுமில்லை, இழந்தது ஒரு தமிழ்ப் பெயர். பழைய பாணி என்பதும் முழு உண்மையில்லை. கவின், முகில், நிலவன், இனியன், ஆதன், மாறன் ஆகியவை இரண்டு, மூன்று அசையில் முடிபவை. புதுமையாகத் தோன்றும் எந்தப் பெயரைவிடவும் இவை நீளமில்லை, பொருளும் உடையவை.

தமிழ்ப் பெயர் என்றால் வடமொழி கலக்காத பெயர் மட்டுமா என்ற கேள்வியையும் தாண்டிப் போக முடியாது. தனித்தமிழ்ப் பெயர் வைப்பவர்களின் உறுதியை மதிக்க வேண்டும். அதே சமயம், கிருஷ்ணன், சுப்பிரமணியம், கணேசன் என்று தலைமுறை தலைமுறையாக வழங்கும் பெயர்களை வெளியே தள்ளுவதும் சரியில்லை. வந்த சொல்லைத் தமிழ் தன் ஓசைக்கு இசைத்துக்கொள்ளும். கம்பனில் இலட்சுமணன் இலக்குவன் ஆனான், விபீஷணன் வீடணன் ஆனான். தமிழ்க் கத்தோலிக்கர் சூசை, அருளப்பன், இராயப்பன், சின்னப்பன் என்று பெயர் வைத்தபோது யோசேப்பும் யோவானும் பேதுருவும் பவுலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள். ஆகவே அளவுகோல் பெயரின் பிறப்பிடம் அன்று. அதன் பொருள் வீட்டாருக்குத் தெரிய வேண்டும், தமிழ் எழுத்தில் அதைப் பிழையின்றி எழுத முடிய வேண்டும், பாட்டியின் நாவில் அது தடுக்காமல் வர வேண்டும். பொருள் தெரிந்திருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி தகாத பெயரை மறுக்கும் அதிகாரம் பதிவாளருக்கு இருக்கிறது. 2006-இல் விலங்கு, பழம், நிறம் போன்றவற்றைக் குறிக்கும் பெயர்களைத் தவிர்க்கச் சொல்லி ஒரு பட்டியலும் வெளிவந்தது. கருப்பசாமி ஒரு காவல் தெய்வம் என்பது தமிழறியாத அதிகாரிக்குத் தெரியாமல் போகலாம். விளக்கம் சொல்லத் தெரிந்த பெற்றோர் அங்கே திணற மாட்டார்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதா வேண்டாமா என்பது பல வீடுகளில் மனத்தாங்கல் வரை போகும். அதற்கும் நடுவழி இருக்கிறது. நீளமான பெயரை அப்படியே வைத்தால் 'அனாக் லெலாக்கி'யும் தந்தை பெயரும் சேர்ந்து பாரத்தில் உள்ள கட்டங்களுக்குள் அடங்காமல் போகலாம். வேலாயுதத்தின் பேரன் வேலன் ஆகலாம், முத்துசாமியின் பேரன் முத்தழகன் ஆகலாம். மூத்தவரின் நினைவும் தங்கும், பிள்ளைக்குச் சொந்தமான பெயரும் கிடைக்கும்.

பெயர் முடிவானதும் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் அதைத் தமிழில் எழுதி, ல, ள, ழ, ர, ற, ந, ன, ண சரிதானா என்று தமிழறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பிறகு ரோமனில் எழுதி, அதை முன்பின் கேட்டிராத ஒரு மலாய்க்காரரிடமும் ஒரு சீனரிடமும் வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வாசிப்பது உங்கள் காதுக்கு உங்கள் பிள்ளையின் பெயராகக் கேட்டால் எழுத்துக்கூட்டல் சரி. தந்தையின் பெயர் அவருடைய மைகாட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்து பிசகாமல் அப்படியே பாரத்தில் எழுதுங்கள். கையெழுத்திடும் முன் ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். பின்னர் திருத்துவது முடியாததில்லை, ஆனால் ஒரு தாளைத் திருத்தினால் அதைத் தொடர்ந்து வரும் எல்லாத் தாள்களையும் திருத்த வேண்டும். பெயரின் தமிழ் வடிவத்தையும் பொருளையும் ஒரு தாளில் எழுதி, சூராட் பெரானாக்கோடு சேர்த்து வையுங்கள். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும் நாளில் அந்தத் தாளை ஆசிரியரிடம் கொடுங்கள். வகுப்பேட்டில் மகனின் பெயர் பிழையின்றித் தமிழில் ஏறும், அவனும் அதை முதல் நாளிலிருந்தே சரியாக எழுதப் பழகுவான்.